என் கதவில் நின்றவன்

உக்காருங்கய்யா. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. அம்மா, ரெண்டு டீ! சக்கரை போடலாம்லய்யா? போடலாமாம், போடும்மா.

தவசியைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. நல்லதுதான். இப்பல்லாம் யார் விசாரிக்கிறாங்க? போட்டோவைப் பாக்குறாங்க, வேலையைக் கேக்குறாங்க, நேரா மண்டபத்துக்குப் போயிடுறாங்க. நீங்க பொண்ணுக்குத் தாய்மாமன். நான் லீவுல வந்திருக்கேன்னு தெரிஞ்சு சின்னாளபட்டியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கீங்க. உங்க தங்கச்சி மக குடுத்து வச்சவ.

சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. கசேலாவுல அவனும் நானும் ஒரே ஹோட்டல், ஒரே ரூம். அவன் கட்டில் ஜன்னல் பக்கம், என் கட்டில் சுவத்துப் பக்கம். ஜன்னல் பக்கம் எனக்குத்தான் வந்திருக்கணும், நான்தான் மூத்தவன். அவன் வந்து சேர்ந்த அன்னைக்கு எனக்கு ஜலதோஷம். காத்து வேண்டாம்னு மாத்திப் படுத்தேன். அதோட அந்தக் கட்டில் அவனுக்குன்னு ஆயிருச்சு. அவனைப் பத்தி ஒண்ணே ஒண்ணு புரிஞ்சுக்கணும்னா இதைப் புரிஞ்சுக்கங்க. என்னோடது எல்லாம் அவன்கிட்டப் போய்ச் சேரும். அவன் பிடுங்க மாட்டான். சும்மா நிப்பான். அதுவா போய்ச் சேரும்.

பொய் சொல்ல மாட்டேங்கய்யா. ஒரு பொம்பளைப் பிள்ளையோட வாழ்க்கை. அவன் குறையை மட்டும் நான் சொல்றேன். நல்லதை நீங்க வேற எங்கயாவது கேட்டுக்கங்க, அவன் ஊர் நிலக்கோட்டை, அந்தப் பக்கம் போனா ஊரே சொல்லும். இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. அது இந்த ஃபோன்ல இருக்கு. அதைக் காட்டினா நீங்க டீயைக் குடிக்காமலே எந்திரிச்சிருவீங்க, சம்பந்தமும் அத்தோட நின்னுரும். காட்டுறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. அது கடைசியில.

முதல் குறை, அவனுக்குக் கோபம் வராது. திட்டினாச் சிரிப்பான். ஒரு மனுஷன் மூச்சு வாங்கத் திட்டுறான், எதிர்ல நிக்கிறவன் "சரிண்ணே, தண்ணி குடிங்கண்ணே"ங்கிறான். அதுக்குப் பேர் பணிவா? கல்நெஞ்சுங்கய்யா. ரெண்டாவது, தினம் அவங்க அம்மாகிட்ட ஃபோன்ல பேசுவான். இன்னைக்கு என்ன குழம்புன்னு கேப்பான். அது போதாதுன்னு என் ஃபோனை வாங்கி எங்க அம்மாகிட்டயும் பேசுவான். எங்க அம்மா என்கிட்ட "சாப்பிட்டியா, வச்சிடவா" அவ்வளவுதான். அவன்கிட்டன்னா கத்தரிக்காய் விலையிலிருந்து ஆரம்பிக்கும். நீ சும்மா இரும்மா, உன்னை யாரும் கேக்கலை. பாத்தீங்களா, உள்ளேருந்து சாட்சி சொல்ல வருது.

மூணாவது, யார் எந்த வேலை சொன்னாலும் செய்வான். பாத்திரம் தேய்க்கிறவன் காய்ச்சல்ல படுத்தா, போய் அவன் பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பான். நான் அங்க பேங்க்வெட் கேப்டன். விருந்து ஹாலெல்லாம் என் பொறுப்பு. எனக்குக் கீழ பரிமாறுற ஸ்டூவர்ட் வேலையில இருக்கிறவன் கையில கரியோட நின்னா என் மரியாதை என்ன ஆகுறது?

என்ன கேட்டீங்க? ஆமா. அந்தத் தேர்தல் கலாட்டாவுல அவன் ஏதோ செஞ்சான்னு உங்ககிட்டயும் சொல்லிட்டாங்களா. யார் சொன்னது, தரகரா? அவர் சொல்லுவார். அங்க நடந்தது என்னன்னு எனக்குல்ல தெரியும். கேளுங்க.

கசேலா ஆப்பிரிக்காவுல கடலோரமா இருக்கிற சின்ன நாடு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. எங்க அம்மா ஊருக்குள்ள துபாய்னு சொல்லி வச்சிருக்கு, நானும் திருத்தலை. அங்க தேர்தல் வந்துச்சு. நாற்காலியில இருந்தவர் வயசானவர், பெரியவர்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. எதிர்த்து நின்னவர் ஒரு பல் டாக்டர். ஓட்டு எண்ணி முடிச்சதும் தேர்தல் கமிஷன் தலைவர் ரேடியோவுல வந்து டாக்டர் ஜெயிச்சார்னார். அதே கமிஷனோட செயலாளர் டி.வி.யில வந்து பெரியவர் ஜெயிச்சார்னார். ரெண்டு பேரும் ஒரே நாள்ல பதவி ஏத்துக்கிட்டாங்க. பெரியவர் அரண்மனையில, டாக்டர் ஃபுட்பால் மைதானத்துல. ரெண்டு அதிபர், ரெண்டு நிதி மந்திரி, ஆனா ஒரு பேங்க்கூடத் திறக்கலை. துறைமுகத்தைப் பூட்டிட்டாங்க. வெங்காயம் வரலை, கோதுமை வரலை. தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம் டயரைக் கொளுத்தும், அந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் கொளுத்தும். எதுவுமே வராத ஊருக்கு டயர் மட்டும் எங்கேருந்துதான் வந்துச்சோ.

சுத்தி இருக்கிற நாடுகளெல்லாம் சேர்ந்து சங்கம் மாதிரி ஒண்ணு வச்சிருக்காங்க. இங்க சண்டை முத்துனா சனங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டு எல்லை தாண்டி அவங்க ஊருக்குத்தான் ஓடுவாங்க. அதனால சமாதானம் பேச மூணு பேரை அனுப்பினாங்க. ஒருத்தர் பக்கத்து நாட்டு முன்னாள் அதிபர், பனைமரம் மாதிரி உயரம். ஒரு அம்மா, வெளியுறவு மந்திரி, தலையில பெரிய துணியைச் சுத்திக் கட்டியிருப்பாங்க. மூணாவது ஆள் ரிட்டையர்டு ஜட்ஜ், அவர் பாதி நேரம் தூங்கினார்.

முதல் தடவை அரண்மனையில வச்சுப் பேசலாம்னாங்க. டாக்டர் வரமாட்டேன்னுட்டார். அரண்மனைக்குப் போனா பெரியவரை அதிபர்னு ஒத்துக்கிட்ட மாதிரியாம். அடுத்த தடவை டாக்டரோட கட்சி ஆபீஸ்ல. பெரியவர் அங்க காலை வைக்க மாட்டேன்னுட்டார். நம்ம பக்கம் பங்காளி வீட்டு விசேஷத்துல யார் முதல்ல படியேறுறதுன்னு வாசல்லயே நிப்பாங்களே, அதே சங்கதிதான், என்ன, இங்க ரெண்டு பேர்கிட்டயும் பட்டாளம் இருக்கு. விமான நிலையத்துல ஒரு தடவை பேசினாங்க, அதுவும் ஆகலை. கடைசியா எங்க ஹோட்டலுக்கு வந்தாங்க. ஹோட்டல் பொது இடம்ல? முதலாளி அப்பவே வெளிநாட்டுக்கு ஓடிட்டான். இருந்தது மேனேஜரும் நானும்தான்.

நல்லாக் கேட்டுக்கங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஹாலை ஏற்பாடு பண்ணினது நான். ரெண்டு பேரும் ஒரே ஹால்ல உக்கார மாட்டாங்க. கிழக்கு ஹால் டாக்டருக்கு, மேற்கு ஹால் பெரியவருக்கு, நடுவுல நீளமான வராண்டா. சமாதானக்காரங்க மூணு பேரும் அங்கயும் இங்கயும் நடக்கணும். மேசையில பேர் எழுதின அட்டை வைக்கணும்னு வந்துச்சு. ரெண்டு பேருமே அதிபர்னு போடச் சொல்றாங்க. மேனேஜர் தலையைப் பிடிச்சுக்கிட்டார். நான்தான் சொன்னேன், ரெண்டு அட்டையிலயும் 'மாண்புமிகு அதிபர்'னே போடுங்க சார், இந்த ஹால்ல இருக்கிறவர் அந்த ஹாலைப் பாக்கப்போறாரான்னு. ராஜதந்திரம்னா இதுங்கய்யா. அதுமட்டுமா, நாப்கினை எல்லாம் தாமரை மாதிரி மடிச்சு வச்சேன். அந்தத் தாமரையைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் வாயைத் திறக்கலை.

ஒவ்வொரு ஹாலுக்கும் வெளிப்பக்கம் ஒரு கதவு. மேற்குக் கதவைத் திறந்தா போர்ட்டிகோ. அங்க பெரியவரோட வண்டி, அதுக்குப் பின்னாடி ராணுவ லாரி வரிசை. பெரியவர் வந்து போற கதவுங்கிறதால மூத்த ஆள்தான் நிக்கணும்னு மேனேஜர் சொன்னார். அதனால அது என் கதவு. தவசிக்குக் கிழக்குக் கதவு. டியூட்டி போட்டதே நான்தான். இதை மனசுல வச்சுக்கங்க. மேற்குக் கதவு என் கதவு.

அவனை ஏன் அந்தக் கதவுல போடலைன்னா, அவன் இங்கிலீஷ் அப்படி. கெஸ்ட் கிளம்பும்போது "ஹேவ் எ நைஸ் டே, சார்"னு சொல்லணும். ட்ரெயினிங்லயே சொல்லிக் கொடுத்தேன். இவன் என்ன சொல்லுவான் தெரியுமா? "கோ அண்ட் கம், சார்". போய்ட்டு வாங்க சார்ங்கிறதை அப்படியே இங்கிலீஷாக்கிட்டான்! கெஸ்ட் எல்லாம் முழிப்பாங்க. ஒரு வெள்ளைக்காரம்மா எதையோ மறந்து வச்சுட்டோமாக்கும்னு திரும்பிப் போய் ரூம் பூராத் தேடினாங்க. "டேய், இங்கிலீஷ்ல போறவன் போவான், வர்றவன் வருவான், ரெண்டையும் சேக்காதடா"ன்னு நூறு தடவை சொல்லியிருப்பேன். "சரிண்ணே"ம்பான். அடுத்த கெஸ்ட் கிளம்புவார், வாய் தானா வந்துரும், "கோ அண்ட் கம், சார்".

டீ எடுத்துக்கங்க. ஆறிடப் போகுது.

பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டே இருந்துச்சு. தலைத்துணி கட்டின அம்மா வராண்டாவுல நடந்து நடந்து செருப்பையே கழட்டிட்டாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு. மந்திரி பதவியில யாருக்கு எத்தனை, பட்டாளம் எப்போ முகாமுக்குத் திரும்பும், எல்லாம். ஒரே ஒரு வார்த்தையில நின்னுச்சு. பெரியவர் பதவியை விட்டு 'வெளியேறுகிறார்'னு ஒப்பந்தத்துல எழுதணும்னு டாக்டர் பக்கம் சொல்றாங்க. பெரியவர் ஒத்துக்கலை. 'விலகுகிறார்'னு போட்டுப் பாத்தாங்க. மாட்டேன். 'ஒப்படைக்கிறார்'. மாட்டேன். 'ஓய்வு பெறுகிறார்'. அந்தக் காகிதத்தை அவர் கிழிச்சே போட்டார்.

அன்னைக்கு மத்தியானம் டி.வி.க்காரங்க கேமராவோட வந்து இறங்கினாங்க. அன்னைக்கு எப்படியும் முடிவு வந்துரும், டாக்டர் கிழக்குக் கதவு வழியா வந்து பேட்டி கொடுப்பார்னு பேச்சு. கேமரா எல்லாம் கிழக்கு வாசல்ல. நான் கொஞ்சம் யோசிச்சேன். மூத்தவன் நான், உலகமே பாக்கப்போகுது, அந்த இடத்துல இங்கிலீஷ் தெரியாத ஒருத்தனை நிறுத்தி ஹோட்டல் பேரைக் கெடுக்கலாமா? எனக்காக இல்லைங்கய்யா. ஹோட்டலுக்காக. அம்மாகிட்ட மட்டும் ஃபோன் பண்ணி டி.வி.யைப் போட்டு வைன்னேன். தவசியைக் கூப்பிட்டேன். "நீ மேற்குக் கதவைப் பாத்துக்க, நான் கிழக்குல நிக்கிறேன்"னேன்.

அவன் கேக்குறான், "அண்ணே, உங்க கதவாச்சேண்ணே. பெரியவர் வந்தா நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. கதவைத் திற, குனி, மூடு"ன்னேன்.

ஒண்ணும் சொல்லாதன்னுதான் சொன்னேன். அதைக்கூட அவனால ஒழுங்காச் செய்ய முடியலை.

நான் கிழக்குல நிக்கிறேன். புதுக் கருப்புக் கோட்டு. கேமராவுக்கு எந்தப் பக்கம் காட்டினா நல்லா இருக்கும்னு பாத்து நிக்கிறேன். அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னா, இதை நான் கண்ணால பாக்கலை, போர்ட்டிகோவுல நின்ன காவல்காரன் சொன்னது பாதி, தவசிகிட்ட நோண்டி நோண்டி வாங்கினது பாதி. பெரியவர் சேரைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டார். சேர் மல்லாக்க விழுந்துச்சு. "இனிமே பேச்சு இல்ல, தெருவுல பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு விறுவிறுன்னு கதவைப் பாத்து வர்றார். பின்னாடியே அந்தம்மா வெறுங்காலோட ஓடி வர்றாங்க. வெளிய லாரியெல்லாம் இன்ஜினைப் போட்டுட்டாங்க. அவர் அந்த வாசலைத் தாண்டினா அன்னைக்குச் சாயங்காலம் ஊர்ல துப்பாக்கிதான். எல்லாருக்கும் தெரியும்.

தவசி கதவைத் திறந்தான். குனிஞ்சான். அத்தோட மூடிக்கிட்டு நின்னானா? அவன் வாய் இருக்கே, அது தானா வந்துருச்சு.

"கோ அண்ட் கம், சார்."

பெரியவர் நின்னுட்டார். ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. "என்ன சொன்ன?"ன்னு கேட்டார். இவன் திரும்பவும் அதையே சொன்னான். "நான் போறேன்னுதானே சொன்னேன்? வர்றேன்னு உனக்கு யார் சொன்னது? அந்த டாக்டர் சொல்லிக் கொடுத்தானா?"ன்னு சத்தம் போட்டிருக்கார். காவல்காரன் துப்பாக்கியை இப்படித் தூக்கிட்டானாம்.

இவன் அழுகிற குரல்ல, தனக்கு வந்த இங்கிலீஷ்ல சொல்லியிருக்கான். "இல்ல சார். எங்க ஊர்ல யாரையும் போங்கன்னு சொல்ல மாட்டோம் சார். செத்தவங்களைத்தான் சார் அப்படி அனுப்புவோம். உயிரோட இருக்கிறவங்க போய்ட்டு வருவாங்க சார்."

பெரியவர் அப்புறம் மெதுவா ஒரு கேள்வி கேட்டாராம். "சரி, நான் போறேன். திரும்பி வரும்போது என் நாற்காலியில இன்னொருத்தன் உக்காந்திருந்தா?"

அதுக்கு இவன் சொன்ன பதில் இருக்கே, ஹோட்டல்ல வேலை பாக்குற எந்த முட்டாளும் அதைத்தான் சொல்லுவான். "ஸ்டோர்ல எக்ஸ்ட்ரா சேர் இருக்கு சார். கொண்டு வந்து போடுவோம் சார்."

பெரியவர் சிரிச்சுட்டார். அந்த வாசல்ல நின்னு, கண்ணுல தண்ணி வர, லாரி சத்தத்துக்கு மேல சிரிச்சாராம். பின்னாடி நின்ன அந்தம்மாவும் சிரிச்சாங்களாம். அப்புறம் வெளிய வச்ச காலை உள்ள எடுத்துட்டார். உள்ள போய் மல்லாந்து கிடந்த சேரைத் தன் கையாலயே தூக்கி வச்சு உக்காந்தார். "அந்தப் பையன் சொன்னதை எழுதுங்க"ன்னார். எழுதினாங்க. ஒப்பந்தத்துல வெளியேறுகிறார்னும் இல்ல, விலகுகிறார்னும் இல்ல. அவங்க பாஷையில 'போய் வருகிறார்'னு இருக்கு. சுதந்திர தின மேடையில ஒவ்வொரு வருஷமும் அவருக்கு ஒரு நாற்காலி போடணும்னும் இருக்கு. கையெழுத்தாச்சு. லாரியெல்லாம் முகாமுக்குப் போயிருச்சு. அடுத்த வாரம் கப்பல்ல வெங்காயம் வந்துச்சு.

நானா? நான் கிழக்குல நின்னுக்கிட்டே இருந்தேன். கேமராக்காரங்க திடீர்னு வயரை எல்லாம் சுருட்டிக்கிட்டு மேற்குப் பக்கம் ஓடுறாங்க. என்னை இடிச்சுத் தள்ளிட்டு ஓடுறாங்க. எங்க அம்மா தெருவையே கூட்டி வச்சு டி.வி. பாத்திருக்கு. என் முழங்கை தெரிஞ்சுச்சாம். முழங்கைன்னு இதுவே கண்டுபிடிச்சு எல்லாருக்கும் காட்டியிருக்கு. அப்புறம் தவசி முகம் முழுசா வந்ததும், "இதுதான் எங்க தவசி"ன்னு அதையும் காட்டியிருக்கு.

நீங்களே சொல்லுங்கய்யா. அது யார் கதவு? அந்த இடத்துல நியாயமா யார் நின்னிருக்கணும்? நான். நான் நின்னிருந்தா எப்படி இருந்திருக்கும்! கதவைத் திறந்து, குனிஞ்சு, தப்பில்லாத இங்கிலீஷ்ல "ஹேவ் எ நைஸ் டே, சார்"னு சொல்லியிருப்பேன். அவரும் மரியாதையா தலையை ஆட்டிட்டு நேராப் போய் வண்டியில...

அது வேற விஷயம்.

நீங்க ஏன் சிரிக்கிறீங்க? டீ புரையேறுது பாருங்க. அம்மா, தண்ணி கொண்டா.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் என்னால தாங்க முடியலை. பெரியவர் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது, தலையில இருந்த ஓலைத் தொப்பியைக் கழட்டித் தவசி தலையில வச்சுட்டுப் போனார். அந்த நாட்டுல அது பெரிய மரியாதை. தலைத்துணி அம்மா விமான நிலையத்துல பேசும்போது, 'மேற்குக் கதவில் நின்ற இளைஞன்'னு சொன்னாங்க. பேர்கூடச் சொல்லலை, மேற்குக் கதவுன்னு சொன்னாங்க! என் கதவைச் சொன்னாங்கய்யா, ஆனா ஆள் அவன். அந்தத் தொப்பி இப்போ எங்க ரூம்ல ஒரு ஆணியில தொங்குது. எங்க? என் கட்டிலுக்கு நேரா. காலையில கண்ணு முழிச்சா அதுதான். ஏன்டா என் கண்ணுக்கு நேரா மாட்டினன்னு கேட்டா, "உங்களுக்கும் சேர்த்துதாண்ணே கொடுத்தார், நீங்க கதவைக் கொடுக்கலைன்னா எனக்கு ஏது"ங்கிறான். எப்படிக் குத்துறான் பாருங்க. அவன் இல்லாத நேரத்துல ஒரு தடவை போட்டுப் பாத்தேன். எனக்குத்தான் அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. அவனுக்குக் காது வரைக்கும் இறங்கும்.

இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி மக ஜாதகம் இந்த வீட்டுக்கும் வந்துச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வளர்மதிங்கிற பேர் எனக்கு ஞாபகம் இருக்கு. போட்டோவுல மஞ்சள் சேலை, கையில ஒரு புஸ்தகம். எங்க அம்மா சாமி படத்துக்கு அடியில வச்சிருந்துச்சு. 'கடல் தாண்டி ஹோட்டல் வேலை, எங்களுக்குச் சரிப்படாது'ன்னு உங்க வீட்டுல சொல்லிட்டாங்க. சரி, அது அவங்க இஷ்டம். இப்போ அதே கடல், அதே ஹோட்டல், எனக்குக் கீழ இருக்கிற ஆள். இப்போ சரிப்படுது. நான் அதை மனசுல வச்சுக்கலைங்கய்யா. சும்மா சொன்னேன்.

சரி, ஃபோன். கடைசியில காட்டுறேன்னேன்ல. வாங்க, வெளிச்சத்துப் பக்கம் வந்து பாருங்க.

இது தவசி. பக்கத்துல அந்த ஊர்ப் பொண்ணு. அவன் தோள்ல குழந்தை. குழந்தை எப்படி அவன் தலைமயிரைப் பிடிச்சிருக்கு பாருங்க. அந்தப் பொண்ணு அவன் கையில டம்ளரைக் கொடுக்குது. பின்னாடி தெரியிற கட்டில் எங்க ரூம் கட்டில்.

பாத்தாச்சா?

நான் ஒண்ணும் சொல்லலை. படத்தைத்தான் காட்டுறேன். படம் பேசுதுல்ல? நான் எதுக்குப் பேசணும்?

யார்னு கேக்குறீங்க.

யார்னா... அந்தப் பொண்ணு பேர் செலினா. எங்க ஹோட்டல்ல...

அம்மா, நீ உள்ள போ. நிலைப்படியில நின்னுக்கிட்டு என் முகத்தைப் பாக்காத.

லாண்டரியில வேலை பாக்குற பொண்ணுங்கய்யா. புருஷன் படகுக்காரன். கலாட்டாவுல அக்கரையில மாட்டிக்கிட்டான். தெருவுல டயரைக் கொளுத்த ஆரம்பிச்சதும் இது பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஹோட்டலுக்கு ஓடி வந்துச்சு. தங்க இடம் இல்ல. தவசி எங்க ரூமைத் திறந்து விட்டுட்டு, எங்க ரெண்டு பேர் பாயையும் வராண்டாவுல கொண்டுபோய்ப் போட்டான். என்னைக் கேக்கவே இல்ல! புருஷன் வந்து சேர்ற வரைக்கும் நான் தரையில கிடந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பிள்ளை பகலெல்லாம் அழும். இவன் தோள்ல ஏத்தினா மட்டும் நிறுத்தும். நானும் ஏத்திப் பாத்தேன், இன்னும் அதிகமா அழுதுச்சு. பிள்ளைகூட அவன் பக்கம்தான்.

இதைச் சொல்லாமலே விட்டிருக்கணும். படத்தைக் காட்டிட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். நேத்தெல்லாம் அப்படித்தான் நினைச்சு வச்சிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கே வந்து காட்டிட்டு வந்துரலாமான்னுகூட நினைச்சேன். நீங்க யார்னு கேட்டதும் வாய் தானா வந்துருச்சு. அவன் வாய் மாதிரி.

அவன் மேல இரக்கப்பட்டுச் சொன்னேன்னு நினைக்காதீங்க. படம் நான் எடுத்தது. நல்லா எடுத்திருக்கேன்ல? ஜன்னல் வெளிச்சம் அந்தப் பிள்ளை கன்னத்துல விழுது பாருங்க. அப்படிப்பட்ட படத்தை வச்சுப் பொய் சொன்னா எடுத்தவனுக்கு என்ன மரியாதை?

குறை இன்னும் இருக்கு. அவன் குறட்டை விடுவான். பயங்கரமா விடுவான், சுவரே அதிரும். இதை நிச்சயமா வளர்மதிகிட்டச் சொல்லிருங்க. பின்னாடி யாரும் நான் சொல்லலைன்னு சொல்லக்கூடாது.

என்னது? அவனா சொன்னான்? 'என்னைப் பத்தித் தெரியணும்னா ரெங்கராசு அண்ணனைக் கேளுங்க, அவர் ஒருத்தர்தான் உள்ளதை உள்ளபடி சொல்லுவார்'னா? தரகர் இல்லையா, அவனேதான் இந்த வீட்டு விலாசத்தைக் கொடுத்தானா?

பாத்தீங்களா. பாத்தீங்களாய்யா அவன் வேலையை. இப்போ இதுக்கு மேல நான் என்ன சொல்ல முடியும்?

கிளம்பிட்டீங்க. உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது, தேதி குறிச்சாச்சு. இவ்வளவு சொல்லியும். பரவாயில்லை. செருப்பு அந்தப் பக்கம் இருக்கு. குனியாதீங்க, நான் எடுத்துத் தர்றேன். கதவு கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், இருங்க, நான் திறக்கிறேன்.

சரி, போங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லிக் கதவைச் சாத்திக்கணும்னு இருக்கு. சொல்ல வரலைங்கய்யா. போய்ட்டு வாங்க.

ஒண்ணு மட்டும். மண்டபத்துல எனக்கு முன்வரிசையில ஒரு சேர் போடச் சொல்லுங்க. கேமராக்காரன் கண்ணுல படுற மாதிரி. இடம் இல்லைன்னு சொன்னாங்கன்னா, ஸ்டோர்ல எக்ஸ்ட்ரா இருக்கும், எடுத்துப் போடச் சொல்லுங்க.